இருபது வரி கேர் பிளான் எழுதிவிட்டேன், ஆனால் முதலில் எதைச் செய்வது?

தேவகோட்டை மாணவி எழுதியது:

வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற வாரம் வார்டில் எனக்கு இரண்டு நோயாளிகளை ஒதுக்கினார்கள். ஒருவர் 74 வயது ஆச்சி. வீட்டு வளவில் நிலைப்படி தடுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்து, இடுப்பு மூட்டின் பந்தை மாற்றும் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்தார். மற்றவர் கல்யாண வீடுகளில் கோட்டையடுப்பின் முன் நின்று முப்பது ஆண்டு சமையல் செய்த பெரியவர். பீடிப் பழக்கமும் உண்டு. சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி, மூச்சுத்திணறலோடு மெடிக்கல் பக்கம் சேர்க்கப்பட்டிருந்தார்.

இருவருக்கும் கேர் பிளானில் தலா இருபது நர்சிங் இன்டர்வென்ஷன், அதாவது செவிலி செய்ய வேண்டிய வேலைகள், எழுதிக் கொடுத்தேன். மேடம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆச்சியின் தாளில் எத்தனை வரியை எடுத்து அப்படியே ஐயாவின் தாளில் ஒட்டலாம்?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, பி.பி., வெப்பம்) பார்த்தல், வசதியாகப் படுக்கவைத்தல், மனத்தைரியம் சொல்லுதல், டாக்டர் எழுதிய மருந்தைக் கொடுத்தல் என்று எல்லாமே யாருக்கும் பொருந்தும் வரிகள். "மிச்சம் ஒன்பதில் முதலில் எதைச் செய்வாய், ஏன்?" என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை.

வேலையில் இருக்கும் அக்காமார், அண்ணன்மாரிடம் கேட்கிறேன். இன்ன நோயாளிக்கு இன்னதுதான் செய்ய வேண்டும் என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

இரவுப்பணி சிஸ்டர், காரைக்குடி எழுதியது:

தங்கை, பதினேழு ஆண்டாக சர்ஜிக்கல் வார்டில் இருக்கிறேன். உங்கள் ஆச்சியைப் போலவே ஓர் ஆச்சியை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அவருக்கும் இடுப்பில் அதே அறுவை சிகிச்சைதான், அதே இரண்டாம் நாள். இரவு ஒன்றரை மணிக்கு, "ஆச்சி ஒரே புலம்பல், கையை உதறுகிறார், ஊரணிக்குப் போக வேண்டும் என்கிறார், வலி ஊசி போட்டுவிடுங்கள்" என்று மருமகள் ஓடிவந்தார். நாடி 104, மூச்சு 22, பி.பி. 150, ஆக்சிஜன் செறிவு 96, காய்ச்சல் இல்லை. யூரின் பேக்கில் நான்கு மணி நேரத்துக்கு 30 மி.லி. மட்டுமே இருந்தது. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மி.லி. என்று கணக்கிட்டால், 50 கிலோ ஆச்சிக்கு 100 மி.லி.யாவது வந்திருக்க வேண்டும். என்னோடு இருந்த புதுப் பெண்ணுக்கு உடனே இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, வலி என்பதால் ட்ரமடால் போடுவது. இரண்டு, யூரின் குறைவு என்பதால் டாக்டரிடம் சொல்லி டிரிப்பை வேகமாக ஓடவிடுவது. பாடப் புத்தகத்தில் இரண்டுக்குமே இடம் உண்டு.

நான் போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே இளநீர்க்காய் போல உருண்டு கெட்டியாக இருந்தது, அழுத்தியதும் ஆச்சி என் கையைத் தட்டிவிட்டார். கால்கள் ஒன்றோடொன்று சேராமல் இருக்க இடையில் தலையணை வைத்திருந்தோம் அல்லவா, சிறுநீர் வடியும் கதீட்டர் டியூப் தொடைக்கு அடியில் போய், அந்தத் தலையணைக்கும் மெத்தைக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் டியூப் சலசலவென்று நிறைந்து, சற்று நேரத்தில் பேக்கில் 500 மி.லி. தாண்டியது. ஆச்சி பெருமூச்சு விட்டு, "ஏம்மா, என்னைக் கட்டியா போட்டிருந்தீங்க?" என்று கேட்டார். அப்புறம் விடியும்வரை புலம்பல் இல்லை.

ட்ரமடால் போட்டிருந்தால் வயதான மூளையில் குழப்பம் இன்னும் கூடியிருக்கும், அடைப்பும் அப்படியே இருந்திருக்கும். டிரிப்பை ஓட்டியிருந்தால் வயதான இதயத்தின் மேல் வேண்டாத நீரை ஏற்றி, நிறைந்த பையை மேலும் நிறைத்திருப்போம். என்ன செய்வது என்பதை "வலி", "யூரின் குறைவு" என்ற பெயர்களைப் பார்த்து எடுக்கக் கூடாது, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

காலையில் டாக்டரிடம் கேட்டுக் கதீட்டரையே எடுத்துவிட்டோம். தேவை முடிந்த கதீட்டர் கிருமித்தொற்றுக்கும் முதியோரின் மனக்குழப்பத்துக்கும் நாமே திறந்துவைக்கும் வாசல்.

திருமயம் பிரதர் எழுதியது:

சிஸ்டர் சொன்னது அழகான நிகழ்ச்சிதான், ஆனால் மாணவி அதை விதியாக எடுத்துக்கொண்டால் சிக்கல் வரும் என்று நினைக்கிறேன். பதினேழு ஆண்டு அனுபவம் உள்ள கைக்கு வயிற்றைத் தொடத் தோன்றும். நாற்பது நோயாளிகளுக்கு இரண்டு பேர் நிற்கும் இரவில், சேர்ந்து ஆறு மாதமே ஆன தம்பிக்கு அது தோன்றாது. அவனுக்கு வேண்டியது எண்களும் எழுதிவைத்த நடைமுறையும். பிரிட்டனில் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய நியூஸ் (NEWS) என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு, ஆக்சிஜன் செறிவு, ஆக்சிஜன் ஓடுகிறதா இல்லையா, மேல் ரத்த அழுத்தம், நாடி, நினைவுநிலை, வெப்பம் ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். 5 வந்தால் உடனே டாக்டர் வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரம். அனுபவம் இல்லாதவனையும் இது காப்பாற்றும், அவனிடம் மாட்டிய நோயாளியையும் காப்பாற்றும்.

இரவுப்பணி சிஸ்டர், காரைக்குடி எழுதியது:

தம்பி, அந்த முறையிலேயே என் ஆச்சிக்கு மதிப்பெண் போடுங்கள். நாடி 104க்கு 1, மூச்சு 22க்கு 2, புதிதாக வந்த மனக்குழப்பத்துக்கு 3, ஆக மொத்தம் 6. டாக்டரைக் கூப்பிடு என்று அது சரியாகவே சொல்லும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏழில் சிறுநீர் அளவு இல்லை, வலியும் இல்லை. டாக்டர் வந்து சேரும் பத்து நிமிடத்தில் என் கை எங்கே போக வேண்டும் என்பதை அந்த 6 சொல்லாது. நீங்கள் சொல்லும் ஆறு மாதத் தம்பிக்கு நான் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுப்பேன். வெளியே வரும் எந்தத் திரவம் குறைந்தாலும், மருந்தை நினைப்பதற்கு முன்னால், நோயாளியின் உடம்பிலிருந்து பேக் வரைக்கும் டியூபை விரலால் தடவிக்கொண்டே போ. கதீட்டருக்கும் அதுதான், சர்ஜரி டிரெயினுக்கும் மூக்கு வழி டியூபுக்கும் அதுதான். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

திருமயம் பிரதர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் சிஸ்டர். எங்கள் வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் இந்த ஒரு வரியைக் கையால் எழுதிச் சேர்த்துவிடுகிறேன்.

நர்சிங் டியூட்டர், கானாடுகாத்தான் எழுதியது:

மாணவியின் மேடம் கேட்டது மிகச் சரியான கேள்வி. பிள்ளைகள் கேர் பிளான் எழுதும்போது நர்சிங் டயக்னோசிஸில் (நோயாளிக்கு இன்ன பிரச்சினை, இன்ன காரணத்தால் என்று செவிலி எழுதும் வரி) முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு இன்டர்வென்ஷன் பட்டியலுக்குத் தாவிவிடுகிறார்கள். "இன்ன காரணத்தால்" என்று வரும் இரண்டாம் பாதியில்தான் செய்ய வேண்டிய வேலை ஒளிந்திருக்கிறது.

வயிற்றில் அறுவை சிகிச்சை ஆன மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் சளி வெளியே வரவில்லை, மூவரின் தாளிலும் ஒரே டயக்னோசிஸ்தான் இருக்கும். முதல் ஆள் தையல் வலிக்குப் பயந்து இருமாமல் அடக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வலி மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு, தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லி, மூச்சை ஆழமாக இழுத்து இருமக் கற்றுத்தர வேண்டும். இரண்டாமவருக்கு உடம்பில் நீர் வற்றிச் சளி பசையாக ஒட்டியிருக்கிறது. இவரை எவ்வளவு இருமச் சொன்னாலும் பலனில்லை, நீர்ச்சத்தும் ஆவியும்தான் சளியை இளக்கும். மூன்றாமவர் வலி மருந்தின் மயக்கத்தில் இமை திறக்காமல் கிடக்கிறார், மூச்சு நிமிடத்துக்கு எட்டுதான். முதல் ஆளுக்குச் செய்ததுபோல இவருக்கு இன்னொரு டோஸ் போட்டுவிட்டு இருமச் சொன்னால் விபரீதம். இவரைத் தட்டி எழுப்பி மூச்சுவிட வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, அடுத்த டோஸை நிறுத்தி, டாக்டரை அழைக்க வேண்டும்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1992இல் முதற்பதிப்பாக வந்த நர்சிங் இன்டர்வென்ஷன் வகைப்பாட்டில், தேர்வு செய்யும்போது ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். நாம் விரும்பும் விளைவு என்ன, டயக்னோசிஸின் தன்மை என்ன, ஆய்வு ஆதாரம் உண்டா, இங்கே செய்ய முடியுமா, நோயாளி ஒத்துக்கொள்வாரா, செய்யும் செவிலிக்கு அந்தத் திறமை இருக்கிறதா என்பவை அவை. முதல் மூன்றை வகுப்பில் நடத்திவிடலாம். கடைசி மூன்றும் வார்டில்தான் விளங்கும். எல்லார் முன்னிலும் பெட்பேன் வைக்கச் சம்மதிக்காத ஆச்சிகளை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம். அவர்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, மலத்தை அடக்கி, மூன்றாம் நாள் வயிறு உப்பிக் கிடப்பார்கள். மருந்துப் பட்டியலில் மலமிளக்கியைச் சேர்ப்பதற்கு முன்னால், திரையை முழுவதும் இழுத்துவிட்டு, மகனை வெளியே நிற்கச் சொல்லி, கமோடு நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள். நீறு பூசாமல் காலையில் வாயில் எதுவும் வைக்காதவருக்கு ஈரத்துணியால் முகம் துடைத்துத் திருநீற்றுப் பையைக் கையில் கொடுத்தால் மாத்திரையும் இட்டிலியும் தானாக உள்ளே போகும். இதுவும் இன்டர்வென்ஷன்தான், தயங்காமல் கேர் பிளானில் எழுதலாம்.

தேவகோட்டை மாணவி எழுதியது:

நன்றி மேடம். சமையல்காரப் பெரியவர் விஷயத்தில் ஒரு சந்தேகம். அவருக்கு மூக்கில் இரண்டு லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது, செறிவு 89இலேயே நின்றது. "பக்கத்துப் பெட்காரருக்கு 98 காட்டுகிறது, எங்களுக்கு ஏன் கூட்டவில்லை?" என்று அவர் மகன் கோபப்பட்டார். வார்டு சிஸ்டர் கூட்ட மறுத்துவிட்டார். எனக்கும் மகன் பக்கம் நியாயம் இருப்பது போலத்தான் அப்போது தோன்றியது.

இரவுப்பணி சிஸ்டர், காரைக்குடி எழுதியது:

அந்த வார்டு சிஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் இதே இடத்தில் சறுக்கினேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். உங்கள் பெரியவரைப் போன்ற ஒருவருக்கு 88 காட்டியது, உறவினர்கள் நச்சரித்தார்கள், நான் இரண்டு லிட்டரை ஆறாக்கினேன். செறிவு 97க்கு ஏறியது. மூச்சிரைப்பு அடங்கி அவர் கண்ணயர்ந்தார், "இப்பத்தான் நல்லாத் தூங்குறார்" என்று உறவினர்கள் மகிழ்ந்தார்கள், நானும் சார்ட்டில் அப்படியே எழுதினேன். விடிகாலை ஐந்து மணிக்கு நாடி பார்க்கப் போனபோது கை வெதுவெதுப்பாக, நெற்றி வியர்த்திருந்தது. கூப்பிட்டால் எழவில்லை. ரத்தத்தில் கரியமிலவாயு சேர்ந்து வந்த மயக்கத்தை நான் தூக்கம் என்று எழுதியிருக்கிறேன். பைபாப் (முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்றுக் கொடுத்து மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி) போட்டு அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மூச்சு நோயாளி "நன்றாகத் தூங்குகிறார்" என்று பணி மாறும்போது யாராவது ஓவர் கொடுத்தால், நேரே போய் எழுப்பிப் பேசவைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

நர்சிங் டியூட்டர், கானாடுகாத்தான் எழுதியது:

சி.ஓ.பி.டி.யில் கரியமிலவாயு தேங்கும் ஆபத்து உள்ளவருக்குச் செறிவு 88 முதல் 92 வரை இருப்பதே இலக்கு. ஆகவே மகனின் கண்ணுக்குக் குறையாகத் தெரிந்த 89 நமக்குச் சரியான எண். ஆக்சிஜன் மிகும்போது மூச்சுவிடும் உந்துதல் குறைவது ஒரு காரணம். காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கும் ரத்தம் பாயத் தொடங்குவதும், சிவப்பணு கரியமிலவாயுவைச் சுமக்கும் திறன் குறைவதும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. பிரதர் சொன்ன 2017 திருத்தத்தில் இத்தகையவர்களுக்கென்றே ஆக்சிஜன் செறிவுக்கு இரண்டாவது அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முதல் அளவுகோலில் 89க்கு 3 மதிப்பெண், இரண்டாவதில் பூஜ்யம். எந்த அளவுகோல் என்று முடிவு செய்யாமல் கூட்டல் போட்டால் நடைமுறையும் தவறாக வழிகாட்டும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு ஆக்சிஜனைக் கண்டு பயப்படவும் வேண்டாம். செறிவு 75இல் நீலம் பாரித்து நிற்பவருக்கு உடனே ஆக்சிஜன் கொடுத்தாக வேண்டும். இலக்கை எட்டியதும் படிப்படியாகச் சரிசெய்து, நினைவுநிலையையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடிவிட்டது என்று பதறிச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான். பெரியவரை முன்னால் சாய்ந்து, மேசை மேல் கை ஊன்றி உட்காரவைத்து, உதட்டைக் குவித்து ஊதுவதுபோல மூச்சுவிடச் சொல்லுங்கள். அடுப்பூதுகிற மாதிரி என்று சொன்னால் சமையல்காரருக்கு உடனே புரியும்.

பள்ளத்தூர் வளவுவீட்டு மகள் எழுதியது:

நான் செவிலி அல்ல, என் தாயாருக்கும் இதே இடுப்பு அறுவை சிகிச்சை ஆகிப் பத்து நாளாகிறது, அதனால் கேட்கிறேன். வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்றிலிருந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்கிறார். நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிடச் சொல்லித் தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். இன்னொன்று, அவருக்குச் சர்க்கரை உண்டு, கிளிமிபிரைடும் வோக்லிபோஸும் எடுக்கிறார். சஷ்டி விரதத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்து படபடவென்று வியர்த்துவிட்டது. வெள்ளைப் பணியாரம் இரண்டு கொடுத்தோம். செய்தது சரியா?

இரவுப்பணி சிஸ்டர், காரைக்குடி எழுதியது:

பள்ளத்தூர் ஆச்சி, தாயாரின் காலைத் தேய்க்காதீர்கள், நீவாதீர்கள், யாரையும் தொடவிடாதீர்கள். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினால், ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். நீவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று டாப்ளர் ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

மாணவி கவனியுங்கள். வார்டில் இருந்தால் நாம் இரண்டு கெண்டைக்கால்களையும் முழங்காலுக்குக் கீழ் ஒரே இடத்தில் டேப்பால் அளந்து எழுத வேண்டும். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் அது அழுத்தமான அறிகுறி. நேற்றுவரை நடக்கவைப்பதுதான் நல்ல சிகிச்சையாக இருந்தது. இன்று இந்த வீக்கத்தைக் கண்டதும் டாக்டர் பார்க்கும்வரை நடையை நிறுத்திவைக்கிறோம்.

திருமயம் பிரதர் எழுதியது:

சர்க்கரை பற்றி நான் சொல்கிறேன், இது எங்கள் வார்டில் விரத மாதங்களில் அடிக்கடி வருவது. பணியாரம் அப்போதைக்கு ஏற்றதல்ல. எண்ணெயில் பொரித்ததால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். அளவு 70க்குக் கீழே போய், நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் உங்கள் தாயார் வோக்லிபோஸ் எடுக்கிறார். வீட்டுச் சர்க்கரை குடலில் உடைவதை அந்த மருந்து தாமதப்படுத்தும். அவருக்குக் குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும், ஒரு டப்பா வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். கிளிமிபிரைடு நெடுநேரம் வேலை செய்யும் மாத்திரை. ஒரு முறை ஏறிய அளவு மறுபடி இறங்கக்கூடும். அதனால் தெளிந்ததும் சோறு கொடுத்து, அன்று முழுவதும் இடையிடையே சோதித்துப் பார்ப்பது அவசியம். அடுத்த விரதத்துக்கு முன்னால் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவிக்கு ஒரு வார்த்தை. காரணத்தைத் தேடு என்று சிஸ்டர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் கை முந்த வேண்டிய இடங்களும் உண்டு. ரத்தம் ஏறும்போது நடுக்கமும் முதுகுவலியும் என்றால் முதலில் ரத்தத்தை நிறுத்து, டியூப் செட்டை மாற்றிச் சலைனால் ஊசிவழியைக் காப்பாற்று, பிறகு யோசி. இருமும்போது வயிற்றுத் தையல் விட்டுக் குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளாதே, ஸ்டெரைல் துணியைச் சலைனில் நனைத்து மூடி, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, நகராமல் நின்று குரல் கொடு.

இரவுப்பணி சிஸ்டர், காரைக்குடி எழுதியது:

பிரதர் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

பள்ளத்தூர் வளவுவீட்டு மகள் எழுதியது:

ஸ்கேன் எடுத்தாயிற்று. உறைகட்டி இருப்பது உறுதியாகி, சேர்த்து ஊசி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். தெருவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு வேறென்ன பார்க்க வேண்டும்?

நர்சிங் டியூட்டர், கானாடுகாத்தான் எழுதியது:

நல்ல செய்தி, நல்ல நேரத்தில் போய்விட்டீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தோடு வலிக்கென்று கடையில் எந்த மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஈறில் ரத்தம், கறுத்த மலம், தலையில் அடி இவற்றில் எது என்றாலும் உடனே காட்டுங்கள்.

உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் வளவுவீடுகளின் அமைப்பு தெரியும். டிஸ்சார்ஜ் தாளில் "உயரமான கமோடு பயன்படுத்தவும்" என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். கழிப்பறையோ பின்கட்டில் இருக்கும். படுக்கையிலிருந்து அங்கே போக மூன்று நிலைப்படி தாண்ட வேண்டும், நடுவே எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளக்கும் ஆத்தங்குடிக் கல் தரை. வாக்கர் பிடித்து நடப்பவருக்கு அது நடக்கிற காரியமல்ல. இப்போதைக்குக் கமோடு நாற்காலியை அவர் படுக்கும் அறையிலேயே போடுங்கள், இரவில் ஒரு விளக்கு எரியட்டும், தரையை எண்ணெய் போட்டுத் துடைப்பதை நிறுத்துங்கள். பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை சிகிச்சை என்றால், தாழ்ந்த பலகையிலோ தரையிலோ உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. பந்து நழுவிவிடும். கண்ணாடியும் காது மெஷினும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தேவகோட்டை மாணவி எழுதியது:

இரண்டு தாள்களையும் மறுபடி எழுதிக் காட்டினேன். ஆச்சிக்கு ஏழு வரி, ஐயாவுக்கு ஆறு. ஒட்டி மாற்றக்கூடிய வரி ஒன்றுகூட இல்லை. ஐயாவின் தாளில் முதல் வரி, "செறிவு 88–92இல் நிற்கிறதா, கூப்பிட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்று மணிக்கொருமுறை எழுப்பிப் பார்த்தல், மகனிடம் இந்த இலக்கை விளக்குதல்." மேடம் கடைசிப் பாதிக்குக் கீழே கோடு போட்டு டிக் அடித்தார்.

ஆச்சியின் தாளில், கதீட்டர் டியூபைத் தொடைக்கு அடியில் விடாமல் மேல்புறமாகக் கொண்டுவந்து ஒட்டுதல் என்று எழுதினேன். "இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய்?" என்று கேட்டார். காரைக்குடி சிஸ்டர் என்றேன்.

இரவுப்பணி சிஸ்டர், காரைக்குடி எழுதியது:

ஒட்டும்போது கொஞ்சம் தொய்வு விட்டு ஒட்டுங்கள் தங்கை, காலை நகர்த்தினால் இழுக்கும். பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையைத் தொடக் கூடாது.